ஊர்ப் பதிவும் சேரிப் பிறப்பும்: சீனத்தை நாம் எப்படிப் படிப்பது?



நாம் இன்று நினைவுகூரும் தோழர், கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும் செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தை விடாமல் படிப்பவர். "திருச்சுழியில இருந்துக்கிட்டு உங்களுக்குச் சீனா எதுக்குண்ணே?" என்று கேட்டால், "அங்கயும் சேரி இருக்கான்னு பாக்குறேன்டா" என்பார். அப்போது சிரித்தோம். அது எவ்வளவு சரியான கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது. இந்த உரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சி.

நம் நாட்டில் சீனத்தைப் பற்றிப் பேச இடங்கள் இருக்கின்றன. சாந்திநிகேதனில் 1937-இலேயே சீன பவனம் திறக்கப்பட்டது. 1962 போருக்குப் பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு தனித்துறையாக வளர்ந்தது. டெல்லியில் சீன ஆய்வு நிறுவனத்தின் புதன்கிழமைக் கருத்தரங்குகள் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யிலும் சீன ஆய்வு மையம் உண்டு. இத்தகைய பொது உரைகளில் எல்லை, கடற்படை, வர்த்தகம், கட்சித் தலைமை பற்றிப் பேசுகிறார்கள். தேவையான பேச்சுதான். ஆனால் பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் நடக்கிறது. பேசுவோரில் பலர் ஓய்வுபெற்ற தூதர்கள், படை அதிகாரிகள், பேராசிரியர்கள். கண்மாய்க்கரையிலிருந்து வந்த ஒருவர் அங்கே எழுந்து நின்றால் என்ன கேட்பார்? "அந்த நாட்டில் பிறப்பு ஒருவரை எங்கே நிறுத்துகிறது?" என்றுதான் கேட்பார்.

பிறப்போடு வரும் பதிவு

நம் பொருளிலான சாதி சீனத்தில் இல்லை. ஆனால் 'ஹுகோவ்' என்றொரு குடும்பப் பதிவு இருக்கிறது. 1958 ஜனவரியில் வந்த சட்டம் மக்களை 'விவசாயப் பதிவு', 'விவசாயம் சாராப் பதிவு' என இரண்டாகப் பிரித்தது. அன்று நகரப் பதிவு உள்ளவருக்கு ரேஷன் தானியம், வேலை, வீடு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் இருந்தன. கிராமப் பதிவு உள்ளவருக்கு இருந்தவை நிலமும் கம்யூனும்தான். அனுமதி இல்லாமல் ஊரை விட்டு நகரம் போக முடியாமல் இருந்தது. பதிவு தாய்வழியாகப் பிள்ளைக்கு வந்தது. 1998-இல்தான் தந்தையின் பதிவையும் பெறலாம் என்று தளர்த்தினார்கள்.

1980-இல் ஷென்செனில் சிறப்புப் பொருளாதார மண்டலம் திறக்கப்பட்ட பிறகு கிராமத்தவர்கள் கூட்டம் கூட்டமாக நகரத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். அவர்கள் உழைப்பை ஏற்றுக்கொண்ட நகரம் அவர்கள் பதிவை ஏற்கவில்லை. இன்று இப்படி ஊர் விட்டு, அல்லது விவசாயம் விட்டு, வேறு வேலை செய்வோர் சுமார் 30 கோடி. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் நகரத்தில் வாழ்கிறார்கள். நகரப் பதிவு வைத்திருப்போரோ பாதிக்கும் குறைவு. பிள்ளை பெற்றோரோடு பெருநகரத்தில் வளர்ந்தாலும், கல்லூரி நுழைவுத் தேர்வைப் பல நேரங்களில் பதிவுள்ள மாகாணத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அதனால் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். அப்படி ஊரில் விடப்பட்ட குழந்தைகள் 6.1 கோடி என்று 2013-இல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு கணக்கிட்டது.

ஹுகோவும் சாதியும் ஒன்றல்ல, தோழர்களே. ஹுகோவை அரசு உருவாக்கியது. அரசே தளர்த்தவும் முடியும், சிறு நகரங்களில் தளர்த்தியும் இருக்கிறது. பட்டம், வேலை, சொந்த வீடு இருந்தால் மாற்றிக்கொள்ள வழியுண்டு. அதில் தீட்டு இல்லை, தனிச் சுடுகாடு இல்லை. நம் சாதியை எந்த அலுவலகத்திலும் மாற்ற முடியாது; படித்தாலும் பட்டணம் போனாலும் கூடவே வருகிறது. ஆனாலும் பிறந்த இடத்தை வைத்தே மலிவான உழைப்பாளியை உண்டாக்கும் வேலையை இரண்டும் செய்கின்றன.

ஒரு மரணம், ஒரு சட்டம்

மாணவர்கள் ஒரு பெயரை நினைவில் வைக்க வேண்டும்: சுன் ஜிகாங். வயது 27, கல்லூரிப் படிப்பு முடித்தவர், ஆடை நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளர். 2003 மார்ச்சில் குவாங்சோ நகரத் தெருவில் நடந்துபோனபோது தற்காலிக வசிப்பு அட்டை கையில் இல்லை என்று பிடித்தார்கள். வெளியூரார்களை அடைத்துவைத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டின்கீழ் காவலில் இருந்தபோது அடித்துக் கொல்லப்பட்டார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று துணிந்து எழுதியது. இளம் சட்ட அறிஞர்கள் மூவர் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு மனு அனுப்பினார்கள். சில மாதங்களில் அந்தக் காவல் முறையே ஒழிக்கப்பட்டது. காவல் நிலையச் சாவுகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்கச் சிறு இடுக்கு கிடைத்தபோது ஒரு சட்டம் விழுந்தது என்பதே இதில் நமக்கான பாடம். அந்த இடுக்கு பிற்பாடு சுருங்கியது. 2015 ஜூலையில் மனித உரிமை வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டார்கள்.

ஷென்செனிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்

ஊர் இல்லாத தொழிலாளியை வைத்துச் சீனத் தொழிற்சாலைகள் ஒரு முறையை வளர்த்தன: ஆலை, பக்கத்திலேயே விடுதி, நீண்ட ஷிப்ட். 2010-இல் ஷென்செனில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள், பெரும்பாலும் கிராமத்து இளைஞர்கள், பத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டது உலகச் செய்தியானது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. நூற்பாலைகளின் கேம்ப் கூலியும் சுமங்கலித் திட்டமும் நம் பெண்பிள்ளைகளை விடுதிக்குள் வைத்துத்தான் நூல் நூற்றன. இப்போது 'சீனாவுக்கு மாற்று' என்று செல்பேசி ஆலைகள் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். பெருமுதலாளிகளின் பேச்சில் இது இரு நாடுகளின் போட்டி. விடுதிக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கோ, அது அங்கிருந்து இங்கே இடம்பெயர்ந்த அதே கட்டில்.

வறுமைக் கணக்கு

சீனத்தின் சாதனையை மறுத்துப் பேசுவது நேர்மையல்ல. 1950 நிலச் சீர்திருத்தத்தில் சுமார் 30 கோடி உழவர்கள் நிலம் பெற்றார்கள். நமக்கு 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கே 1994-இல் செங்கல்பட்டுக் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிர் போனது. 2021 பிப்ரவரியில், 832 வறிய வட்டாரங்களைச் சேர்ந்த மக்கள் உட்பட 9.899 கோடிப் பேரைக் கடும் வறுமையிலிருந்து மீட்டதாகச் சீன அரசு அறிவித்தது. இங்கே 2018-இல் நிதி ஆயோக் போட்ட பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தவை இரண்டு: நம் விருதுநகரும் பக்கத்து இராமநாதபுரமும். வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல் எதைக் கொண்டுவந்தது என்று நாம் ஊர் ஊராகப் போய்க் கேட்கலாம். அரசின் கணக்கு தவறு என்று கூட்டம் போட்டும் சொல்லலாம். சீனத்து உழவருக்கு அந்த வாய்ப்பு அரிது.

அந்த வாய்ப்பு இல்லாததன் விலை பெரிது. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை மக்கள் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கேள்வி கேட்கும் பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இருந்திருந்தால் அது இவ்வளவு நீண்டிருக்காது என்பது அமர்த்தியா சென்னின் வாதம். அவரே மறுபக்கத்தையும் சொன்னார்: தேர்தல் நடத்தும் இந்தியா, பஞ்சமாக வெளியே தெரியாத அன்றாடப் பட்டினியைச் சகித்துக்கொள்கிறது. இந்த இரண்டு பாதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுபவர்களை நாம் நம்ப வேண்டியதில்லை.

எல்லையில் நிற்பவர் யார்?

அண்ணல் அம்பேத்கர் சீனத்தைக் கவனித்தவர். 1954-இல் இந்தியாவும் சீனமும் பஞ்சசீல உடன்படிக்கை செய்தபோது, பௌத்தத்தின் சொல்லை எடுத்துக்கொண்ட மாவோ தம் நாட்டுப் பௌத்தர்களை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள் எனும் பொருளில் மாநிலங்களவையில் எச்சரித்தார். 1956 நவம்பரில் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். சுரண்டல் ஒழிய வேண்டும் என்ற இலக்கில் அவருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வன்முறையும் சர்வாதிகாரமும் அதற்கு வழி ஆகாது என்றார்.

2020 ஜூன் 15 இரவு கல்வானில் இறந்த 20 இந்திய வீரர்களில் ஹவில்தார் பழனி இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர். நம்மைப் போன்ற வறண்ட பூமியின் பிள்ளை. அந்த மோதலுக்குப் பின் சீனப் பொருள் புறக்கணிப்பு முழக்கம் தெருவெல்லாம் கேட்டது. ஆனால் 2023-24-இல் சீனத்திலிருந்து நம் இறக்குமதி 10,000 கோடி டாலரைத் தாண்டியது. ஏற்றுமதி 1,700 கோடியைக்கூடத் தொடவில்லை. வர்த்தகம் நிற்கவில்லை, பழனி திரும்பவில்லை. வெளியுறவு என்பது டெல்லிக்காரர்களின் பாடம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தோழரின் கேள்விக்கு வருவோம். அங்கே சேரி இல்லை. ஆனால் பதிவேட்டில் ஓர் ஊர் எல்லை இருக்கிறது. இங்கே வாக்குச்சீட்டு இருக்கிறது. ஊருக்கு வெளியே சேரியும் இருக்கிறது. அங்கிருந்து நிலப் பங்கீட்டின் துணிவைப் படிப்போம். இங்கே இருக்கும் பேச்சுரிமையை விட்டுக்கொடுக்காமல் காப்போம். மாணவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சீனத்தைப் பற்றிய ஒரு கட்டுரையை மாதந்தோறும் தமிழில் சுருக்கி, அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ கூடிப் படியுங்கள். பல்கலைக்கழக அரங்குகளுக்கும் போங்கள். கடைசி வரிசையில் உட்காராதீர்கள். கேள்வி நேரம் வந்ததும் தோழர் கேட்டதைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.