சென்னைக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம்?

ஊரில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று செய்தி வருகிறது. எடுப்பதற்குள் போய்ச் சேர முடியுமா? வீட்டிலுள்ள எல்லாரும் கேட்பது இதைத்தான். "விமானம் நாலு மணி நேரத்தில் போய்விடும்" என்கிறார் ஒருவர். "சீட்டில் ஒன்றரை மணி நேரம்தானே போட்டிருக்கிறது" என்கிறார் மற்றொருவர். எது சரி? இன்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். பெரும்பகுதி கடல். நம் பாட்டன்மார் இதைக் கப்பலில் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. ஜெட் விமானமோ மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்று மணிக்குச் சற்றே அதிகம் வரும். ஆனால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், வேகம் குறைத்து இறங்கவும் நேரம் வேண்டும். ஆகவே நாலு மணி என்று வைத்துக்கொள்வதே சரி.

அப்படியானால் அந்த ஒன்றரை மணி எங்கிருந்து வந்தது? கோலாலம்பூரில் இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னையில் 11.30க்கு இறங்கும் எனச் சீட்டில் இருக்கும். முதலாவது மலேசிய நேரம். இரண்டாவது இந்திய நேரம். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்தங்கியது. முன்பு இரண்டு மணி வித்தியாசமே இருந்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. பெரட்டுக்குப் போகும்போது இருட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேதியிலும் கவனம் வேண்டும். செவ்வாய்க்கிழமை அதிகாலை 12.15க்கு விமானம் என்றால், திங்கட்கிழமை இரவு 9 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செவ்வாய் இரவு போய் நின்றால் விமானமும் இல்லை, சீட்டுப் பணமும் இல்லை.

இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுவோம். தோட்டத்திலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு 3 மணி. அங்கே முன்கூட்டி இருக்க 3 மணி. பறக்க 4 மணி. குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் 1 மணி. சென்னையிலிருந்து சேலத்துப் பக்கம் காரில் 6 மணி. மொத்தம் 17 மணி நேரம். காலை 6 மணிக்குத் தோட்டத்தை விட்டால், நம் கடிகாரத்தில் இரவு 11. ஊரில் இரவு 8.30. அதுவும் கடப்பிதழும் விசாவும் தயாராக இருந்து, உரிய வேளையில் விமானத்தில் இடமும் கிடைத்தால்தான். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் திருச்சிக்கு நேரடி விமானம் உண்டா என்று முதலில் விசாரிக்கட்டும். சாலையில் பல மணி நேரம் மிச்சமாகும்.

ஆகவே நேயர்களே, ஊருக்குப் போன் செய்யும்போது "நாலு மணியில் வந்துவிடுவோம்" என்று சொல்ல வேண்டாம். முழுக் கணக்கையும் போட்டு, வந்து சேரும் நேரத்தை இந்திய நேரத்தில் சொல்லுங்கள். காத்திருப்பதா, காரியத்தைத் தொடங்குவதா என்பதை அங்குள்ளவர்கள் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.