ஏவியவர்களே முடக்கிய செயற்கைக்கோள்: ஏரியல்-1

பல நாடுகள் கைகோத்து விண்கலம் அனுப்புவது இன்று சாதாரணச் செய்தி. 1962-ல் அப்படியல்ல. செயற்கைக்கோள் என்றாலே அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நடத்திய போட்டி என்றிருந்த காலம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று கேப் கனாவெரலிலிருந்து ஏவப்பட்ட ஏரியல்-1தான் இரு நாடுகள் சேர்ந்து அனுப்பிய முதல் செயற்கைக்கோள். எடை சுமார் 62 கிலோ. உள்ளிருந்த கருவிகள் பிரிட்டிஷ் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடையவை. செயற்கைக்கோளின் கட்டமைப்பும், அதைச் சுமந்து சென்ற தோர்-டெல்டா ராக்கெட்டும் அமெரிக்காவுடையவை.

வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம், சூரியனின் எக்ஸ் கதிர்கள், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஆகியவற்றை அளப்பது அதன் வேலை. அதன் சுற்றுப்பாதையின் உயரமான பகுதி, பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டையின் கீழ் விளிம்பை ஒட்டிச் சென்றது.

இந்தப் பட்டை என்பது என்ன? பூமி ஒரு பெரிய காந்தம். மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் அதன் காந்தப்புலத்தில் சிக்கினால் எளிதில் வெளியேற முடியாது. காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருள் சுருளாக வடக்குக்கும் தெற்குக்கும் அலைந்துகொண்டே இருக்கும்.

இதைக் கண்டறிந்த விதம் சுவையானது. 1958-ல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1 உயரே போனபோது, அதிலிருந்த கெய்கர் கருவி சில இடங்களில் பூஜ்யம் காட்டியது. கதிர்வீச்சே இல்லை என்பதல்ல அதற்குப் பொருள். பெருநாள் தொழுகை முடிந்து கூட்டம் மொத்தமாக வெளியேறும் வாசலில் தலை எண்ண நிற்பவர் திணறி, எண்ணுவதையே விட்டுவிடுவாரே, அது போலத்தான். அளவுக்கு மீறிய கதிர்வீச்சில் கருவி ஸ்தம்பித்திருந்தது. இதை விளக்கிய ஜேம்ஸ் வான் ஆலனின் பெயரே அந்தப் பட்டைகளுக்கு வழங்குகிறது.

ஏரியல்-1 பத்து வாரங்களுக்குச் சற்று மேல் நன்றாகவே இயங்கியது. ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தது. சோதனையின் பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். வெடிப்பின் வலிமை 1.4 மெகாடன். குண்டைத் தூக்கிச் சென்றதும் அதே தோர் வகை ராக்கெட்தான்! ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, வானம் நிறம் மாறியது.

ஆனால் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாமல் மேலே நடந்தது. வெடிப்பில் தோன்றிய எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சிக்கி, மனிதன் உண்டாக்கிய ஒரு புதிய கதிர்வீச்சுப் பட்டையாகப் பூமியைச் சூழ்ந்துகொண்டன. அதற்குள் நாள்தோறும் நுழைந்து வந்த ஏரியல்-1-ன் சூரியத் தகடுகள் சில நாட்களிலேயே வலுவிழந்தன. மின்சாரம் குறைந்தது. அதன் பிறகு விட்டுவிட்டுத்தான் தகவல் வந்தது. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும் இதே கதிர்வீச்சில் அடிபட்டு, சில மாதங்களில் செயலிழந்தது.

தெரியாமல் நடந்த காரியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1958-லேயே தெற்கு அட்லாண்டிக்குக்கு மேலே சிறிய அணுகுண்டுகளை வெடித்து, இப்படிப் பட்டை உருவாகும் என்பதை அமெரிக்க ராணுவம் உறுதி செய்திருந்தது. விளைவு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைத்தான் கணிக்கத் தவறினார்கள். நட்பு நாட்டு விஞ்ஞானிகளின் பல ஆண்டு உழைப்பு மேலே சுற்றிக்கொண்டிருந்தது என்பதும் அவர்கள் அறிந்ததே.

அந்தச் செயற்கைப் பட்டை முழுதாய்த் தேய்ந்து மறையப் பல ஆண்டுகள் பிடித்தன. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பூமிக்கடியில் வெடிப்பதை மட்டும் அது தடுக்கவில்லை.