தாயக்கட்டை வேணாம்... பதினெட்டு பட்டன் போதும்!

லூடோவுல தோத்தவர்கிட்ட காரணம் கேட்டுப் பாருங்க. 'நாலு ரவுண்டா ஆறே விழலை மச்சி!'னு ஒரே வரியில கேஸை முடிச்சுடுவார். கிரிக்கெட்ல தோத்தா டாஸ் போச்சு, சீட்டுல தோத்தா கை மோசம். பழியைப் போட வெளியே எப்பவும் ஒரு ஆள் தயார்! ஆடு புலி ஆட்டத்துல தோத்தவர் பாவம். கட்டை இல்லை, சீட்டு இல்லை, மறைச்சு வெச்சது எதுவுமே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிஞ்ச அத்தனையும்தான் எதிராளிக்கும் தெரிஞ்சது. அப்புறம் யாரைத் திட்டுறது?

அதிர்ஷ்டத்துக்கு இடமில்லாத ஆட்டம்னாலே நமக்கு செஸ்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. 1988-ல் ஆனந்த் இந்தியாவோட முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனதுல ஆரம்பிச்சு, 2024 டிசம்பர்ல குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனது வரைக்கும், அந்த விளையாட்டு மேல தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்தம் இருக்கு. ஆனா கோயில் மண்டபத் தரையிலயும் பாறையிலயும் கோடு கிழிச்சு நம்ம ஆளுங்க ஆடின ஆட்டம் ஒண்ணு இருக்கே, அதை ஏன் மறந்தோம்?

போர்டு வாங்கக் கடைக்குப் போக வேணாம். ஒரு உச்சிப் புள்ளியில இருந்து விசிறி மாதிரி கீழே நாலு கோடு இழுங்க. அடியில ஒரு கோடு போட்டு மூடுங்க. நடுவுல மூணு குறுக்குக் கோடு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு. நீட்டின முனைகளை இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடுனு இணைச்சா வேலை முடிஞ்சது. கோடுகள் சேர்ற இடத்தை எண்ணினா 23 வரும். காய்க்கு அந்தக் காலத்துல புளியங்கொட்டையும் கூழாங்கல்லும். திருப்பூர்ல பட்டனுக்கா பஞ்சம்? கறுப்பு 3 புலி, வெள்ளை 15 ஆடு.

ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஒரு ஆடா இறக்கணும். 15-ம் இறங்குற வரைக்கும் வெச்ச ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி கோட்டு வழியே பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம். ஆட்டுக்கு நேர் பின்னாடி புள்ளி காலியா இருந்தா, தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. எல்லாம் கூட்டு சேர்ந்து மூணு புலியையும் அசைய விடாம அடைச்சா ஆடு ஜெயிச்சது. எத்தனை ஆட்டை வெட்டினா புலி ஜெயிச்சதுங்கிற கணக்கு ஊருக்கு ஊர் மாறும். அதை முதல்லயே பேசிக்குங்க. இல்லைனா கடைசியில நட்பு காலி!

'இவ்ளோதானா?'னு உதட்டைப் பிதுக்காதீங்க. இன்ஜினீயரிங் படிக்கிற கொழுப்புல ஒரு காம்பினேஷன் கணக்கு போட்டுப் பார்த்தேன். 23 புள்ளியில 3 புலியையும் 15 ஆட்டையும் எத்தனை விதமா வைக்கலாம்? 2,74,57,584. ஒரு ஆடுகூட வெட்டுப்படாத நிலைகள் மட்டும் இத்தனை! உச்சியில உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு புலியை ஆடுகளை மட்டும் வெச்சு அடைக்கணும்னா 8 ஆடு வேணும். எதிர்ல நாலு, அதுங்க முதுகைக் காக்க நாலு. மீதி 7 ஆட்டை வெச்சு ரெண்டு புலியைச் சமாளிக்கணும். இதுல ஒரு வேடிக்கை. ஆட்டுக்குப் பின்னாடி இன்னொரு புலி நின்னாலும் தாண்ட முடியாது. அதாவது, புலிக்குப் புலியே சுவர்! இது பிடிபட்ட அன்னிக்குத்தான் ஆட்டுக்காரருக்குத் தைரியம் வரும்.

2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்போ, எங்க தெருவுல இருக்கிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட்ல மெஷின் சத்தம் பாதியாக் குறைஞ்சுபோச்சு. ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தா, கட்டிங் டேபிள்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, ஓனர் மாமாவும் ஓவர்லாக் அக்காவும் பட்டனை வெச்சு மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. 'ஏனுங்கக்கா, தாயம்னா நாலு பேர் ஆடலாமுங்களே?'னு கேட்டேன். அக்கா தலையைத் தூக்கவே இல்லை. 'அதைத்தான் வருசம் பூரா ஆடிட்டு இருக்கமே கண்ணு. நூல் வெலை ஒரு கட்டை, டாலர் ஒரு கட்டை, இப்ப இது ஒரு கட்டை. இதுலயாச்சும் நாமளா ரோசிச்சு வெப்பம்.' சொல்லிட்டே மாமாவோட ரெண்டாவது புலியை அடைச்சாங்க!

இந்த ஆட்டத்தோட போதை எனக்குப் புரிஞ்சது அந்த டேபிள் பக்கத்துலதான். சொந்தத் தப்பு எதுவும் இல்லாம ஆர்டர் நின்னு போற ஊர்ல, தன் கையால வெச்சது மட்டுமே பலிக்கிற ஒரு இடம் கிடைச்சா விடுவாங்களா? தோத்தாலும் அதுக்கு ஒரு அட்ரஸ் இருக்கு. காயைத் திருப்பி அடுக்கி, 'இந்த ஒன்பதாவது ஆட்டை இங்கே வெச்சதுதான் வினை'னு விரலை வெச்சுக் காட்டலாம். கேம்பஸ் இன்டர்வியூல ஏன் போச்சுனு அப்படி யாராவது காட்டியிருக்காங்களா நமக்கு?

சிங்கப்பூர்ல குகேஷ் ஜெயிச்ச 14-வது ஆட்டத்தை எடுத்துக்குங்க. டிராவை நோக்கிப் போய்க்கிட்டு இருந்தது. 55-வது நகர்த்தல்ல டிங் லிரென் யானையை ஒரு தப்பான கட்டத்துல வெச்சார். மூணு நகர்த்தல்ல உலகப் பட்டமே கை மாறிடுச்சு. 'குகேஷுக்கு லக்'னு சில பேர் சொன்னாங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. டிரா வாங்கிட்டு எழுந்துபோகாம, நாலு மணி நேரம் தாண்டியும் எதிராளியை யோசிக்கவெச்சுக்கிட்டே இருந்தது யாராம்?

நம்ம புலிக்கு நேபாளத்துல ஒரு பங்காளி இருக்கு. பேரு பாக் சால். அங்கே 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை கம்ப்யூட்டர்ல போட்டு அலசி, ரெண்டு பேரும் பிசகில்லாம ஆடினா டிராதான்னு நிரூபிச்சாங்க. கட்டுரை 2009-ல் வெளியாச்சு. பார்க்கிறப்ப புலி பக்கம் ஒருதலைப்பட்சமாத் தெரியுற ஆட்டம், உண்மையில சரிசமம்!

ஒரு குறையையும் சொல்லிடணும். அதிர்ஷ்டம் இல்லாத ஆட்டம் இரக்கமும் இல்லாதது. நல்லா ஆடுறவரே திரும்பத் திரும்ப ஜெயிப்பார். புதுசா வந்தவர் பத்து தடவை மண்ணைக் கவ்விட்டு எழுந்து போயிடுவார். தாயத்துல ஆறு வயசு வாண்டு அப்புச்சியை ஜெயிக்கும், வீடே கூத்தாடும். அந்தச் சந்தோஷத்தை செஸ் கொடுக்காது. அதனால தாயத்தை எரவாணத்துல சொருகிடாதீங்க.

ஆடு புலியில இதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு ஆட்டம் புலி, அடுத்த ஆட்டம் ஆடுனு பக்கம் மாத்திக்குங்க. முதல் நாள் ஹாஸ்டல்ல எல்லாரும் புலிதான் கேட்பாங்க. தாராளமாக் கொடுத்துடுங்க. செவ்வகத்தோட நாலு மூலை, அடிக்கோட்டோட ரெண்டு முனை... இந்த ஆறு இடத்துல நிக்கிற ஆட்டை எந்தப் புலியாலும் தாண்ட முடியாது. முதல் ஆறு பட்டனை அங்கே வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு எதிராளி மூஞ்சியைப் பாருங்க.