கணினி கொக்குவிலில், சாவி பாரிஸில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததிலிருந்து, பழைய மெசினை வைத்திருந்தவர்கள் புதிது தேடுகிறார்கள். கொக்குவில் சந்தியிலிருந்து குளப்பிட்டிப் பக்கம் வரை புதுக் கணினி என்றால் எல்லாமே கடையில் வாங்கியதல்ல. பிரான்ஸிலோ கனடாவிலோ இருக்கிற மாமா, சித்தி அனுப்பியதாக இருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் கையோடு கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். விண்டோஸ் ஏறாமல் இடையில் நின்று, பெட்டியும் சார்ஜருமாகக் கடைக்கு வருபவற்றில் இந்த அன்பளிப்புக் கணினிகளுக்கு என்று ஒரு தனிக்கதை இருக்கிறது.

ஆடியபாதம் வீதி மருத்துவ பீடத்து மாணவி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாரிஸ் மாமா அனுப்பிய மடிக்கணினி. திரை முழுக்க பிரெஞ்சு. விசைப்பலகையில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கியூ’, ‘இசட்’டின் இடத்தில் ‘டபிள்யூ’, ‘எம்’ போய் ‘எல்’லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இலக்கம் அடிக்க ஷிப்டை அழுத்த வேண்டும். சில வாரங்கள் இதோடு மல்லுக்கட்டி, விரிவுரைக் குறிப்புகளையும் படங்களையும் அதிலேயே சேர்த்துவிட்டு, கடைக்குக் கொண்டுபோனார்.

“அண்ணை, இதை இங்கிலீசிலை மாத்தித் தாங்கோ.”

“அது போமற் பண்ணித்தான் தங்கச்சி போட வேணும்.”

உண்மையில் போமற் பண்ணத் தேவையே இருக்கவில்லை. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் அமைப்புகளுக்குள் போய், நேரமும் மொழியும் என்ற பகுதியில் ஆங்கிலத்தைச் சேர்த்தால், அது தரவிறங்கி, மறுபடி உள்நுழையும்போது திரை ஆங்கிலமாகிவிடும். ஒற்றை மொழிப் பதிப்பு என்று தனியாக விற்பதில்தான் அது முடியாது. பாதி வில்லங்கம் இந்த இடத்திலேயே தவிர்க்கக்கூடியது.

கடைக்காரர் பென்டிரைவைச் செருகினார். அது எழும்பவில்லை. பயாஸுக்குள் போய் ‘செக்கியூர் பூட்’ வசதியை நிறுத்தினார், எழும்பியது. எந்த டிஸ்கில் நிறுவுவது என்று கேட்கும் பக்கம் வந்தபோது பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒரு டிஸ்கும் இல்லை. எஸ்எஸ்டி செத்துவிட்டது, மாற்ற வேணும் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழும்புகிறது. எஸ்எஸ்டிக்கு ஒன்றும் நடந்திருக்காது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற கட்டுப்படுத்திக்குப் பின்னால் டிஸ்க் நிற்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லையென்றால், அதன் கண்ணுக்கு டிஸ்க் தெரியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் போட்டு, அந்தப் பக்கத்திலேயே ‘டிரைவரை ஏற்று’ என்று கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் விஎம்டியை நிறுத்தியும் செய்யலாம். ஆனால் ஏற்கனவே உள்ள விண்டோஸ் அதன் பிறகு நீலத்திரையில் விழக்கூடும்.

 

“அண்ணை, உள்ளுக்கு என்ரை நோட்ஸ் கிடக்கு, அழிச்சுப் போடாதேங்கோ” என்று அந்தப் பிள்ளை சொன்னதும் கடைக்காரர் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மெசினைத் திரும்பப் போட்டார். நீலத்திரை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

இந்த 48 இலக்கம்தான் என் கவலை முழுவதும். விண்டோஸ் 11 மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றோடு முதன்முறை திறக்கப்படும்போது, பெரும்பாலான புதுக் கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு அதை இன்னும் பரவலாக்கியது. சாவி போய்ச் சேருவது முதலில் உள்நுழைந்தவரின் கணக்குக்கு. மாமா பாரிஸில் “வேலை செய்யுதோ” என்று ஒருமுறை திறந்து பார்த்தார். சாவி அவருடைய கணக்குக்குப் போய்விட்டது. கணினி கொக்குவிலுக்கு வந்தது, சாவி வரவில்லை. வந்த நாளிலிருந்து வழமைபோல் திறந்ததால் பூட்டு ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பயாஸில் கைவைத்த பிறகுதான் அது வெளியே வந்தது.

மாமா வேலை முடிந்து வந்து, கணக்கைத் திறந்து, வாட்ஸ்அப்பில் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தரம் வாசித்தார். இங்கே எஃப்1 முதல் எஃப்10 வரையான விசைகளால் அடித்தார்கள். எஃப்10 என்றால் சைபர். பிரெஞ்சு விசைப்பலகையில் அது பெரிய உதவி. திறந்தது. கடைக்காரர் ‘செக்கியூர் பூட்’ வசதியைப் பழையபடி போட்டிருந்தாலும் சாவி கேட்காமலே திறந்திருக்கக்கூடும். இதே நிலையில் நிற்பவர்கள் எதையும் அழிக்கும் முன் மாற்றியதைத் திருப்பி மாற்றிப் பாருங்கள்.

மாமாவையாவது கூப்பிடலாம். கடைப் பெடியனின் கணக்கென்றால்? விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போது இணையமும் கணக்கும் கேட்கிறது. வாடிக்கையாளரிடம் மின்னஞ்சல் இல்லை, இருந்தால் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. பெடியன் தன் கணக்கையே போட்டு முடித்துக் கொடுக்கிறான். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறான். இரண்டு வருடத்தில் அவன் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறான். அதற்குப் பிறகு ஒருநாள் பயாஸ் புதுப்பிப்பு வருகிறது, அல்லது மதர்போர்ட் மாற வேண்டி வருகிறது. அந்த 48 இலக்கத்தை யாரிடம் கேட்பது? சாவி இல்லாமல் அந்த டிஸ்கைத் திறக்க மைக்ரோசொஃப்டாலும் முடியாது. கல்யாண அல்பம், ஆய்வேடு, காணி உறுதியின் ஸ்கேன் எல்லாம் போன மாதிரித்தான்.

களவு போன மடிக்கணினிக்கு இந்தப் பூட்டு நல்லது என்பார்கள், சரிதான். ஆனால் சாவி நம்மிடம் இருந்தால்தான்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கொண்டுபோய், நீங்களே கையால் அடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கணக்கில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கத்தையும் தாளில் எழுதிப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு வையுங்கள். கணினி விண்டோஸோடு வந்ததென்றால், அதே பதிப்பைத் திரும்பப் போட யாருக்கும் விண்டோஸ் ‘கீ’க்கென்று காசு கொடுக்கத் தேவையில்லை. அது மதர்போர்டிலேயே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்தால் பெட்டியை உடைக்காமலே அனுப்புங்கள். திறந்து பார்த்துவிட்டீர்களென்றால், அமைப்புகளில் ‘எல்லாவற்றையும் அகற்று’ என்று கொடுத்து ரீசெற் செய்து, முதல் பக்கம் தோன்றும் நிலையிலேயே மூடி அனுப்பிவிடுங்கள்.