கையடக்க நிகழ்பட ஆட்டக் கருவிகளின் மின்கல ஆயுள்

கையடக்க நிகழ்பட ஆட்டக் கருவி என்பது திரை, பொத்தான்கள், ஒலிபெருக்கி, மின்கலம் ஆகிய அனைத்தையும் ஒரே உறையினுள் கொண்ட, கையில் எடுத்துச் சென்று விளையாடத்தக்க மின்னணுக் கருவி ஆகும். தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் ஆட்டக் கருவிகளுக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகின்றது. கையடக்கக் கருவியோ தனக்குத் தேவையான ஆற்றலைத் தானே சுமக்க வேண்டும். இதனால் திரையின் ஒளி, செயலியின் வேகம், கருவியின் எடை, விலை ஆகிய ஒவ்வொன்றும் மின்கலத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. இத்துறையின் வரலாற்றில் கூடுதல் திறன் கொண்ட கருவிகள், கூடுதல் நேரம் இயங்கும் எளிய கருவிகளிடம் பலமுறை தோற்றுள்ளன.

மின்கல ஆயுள் என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. ஒருமுறை மின்னேற்றிய பின், அல்லது புதிய மின்கலங்களை இட்ட பின், கருவி எவ்வளவு நேரம் இயங்கும் என்பது ஒன்று. மின்கலம் பழுதுபட்டுப் பயனற்றுப் போகும் வரையுள்ள காலம் மற்றொன்று. இக்கட்டுரை பெரும்பாலும் முதற்பொருளைப் பற்றியதாகும்.

கணக்கிடும் முறை

மின்கலங்களின் மேல் மில்லி ஆம்பியர்-மணி என்னும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். இதை மட்டும் வைத்து இரு கருவிகளை ஒப்பிடுவது தவறு. மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். இதுவே மின்கலத்தில் உள்ள ஆற்றலின் அளவு. அதைக் கருவி எடுத்துக்கொள்ளும் திறனால் (வாட்) வகுத்தால் இயங்கும் நேரம் மணியில் கிடைக்கும்.

திறனை விழுங்குவனவற்றுள் முதன்மையானது திரையின் பின்னொளி. அடுத்தது செயலி. இன்றைய செயலிகள் அனைத்திலும் பயன்படும் சிமாஸ் வகைச் சுற்றுகளின் திறன் நுகர்வு, கடிகார அதிர்வெண்ணின் நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியின் விகிதத்திலும் கூடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், வேகம் இரட்டிப்பானால் நுகர்வு இரட்டிப்புக்கும் மேலாகும். அசையும் பாகங்கள் (வட்டுச் சுழற்றி, மின்விசிறி) இருந்தால் அவையும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும்.

கேம் பாயும் அதன் போட்டியாளர்களும்

நின்டெண்டோ நிறுவனம் 1980 இல் வெளியிட்ட கேம் அன்ட் வாட்ச் வரிசைக் கருவிகள் கைக்கடிகாரத்தில் இடப்படும் சிறு பொத்தான் மின்கலங்களில் இயங்கின. அவற்றை உருவாக்கிய குன்பெய் யொகொய், நன்கு பழகி விலை வீழ்ந்த தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே சிறந்தது என்னும் கொள்கை உடையவர். இவரது குழு உருவாக்கிய கேம் பாய் ஏப்ரல் 1989 இல் ஜப்பானில் வெளிவந்தது. அதன் திரை 160 × 144 படப்புள்ளிகள் கொண்டது, வண்ணம் இல்லை, பச்சை கலந்த நான்கு சாயைகள் மட்டுமே, பின்னொளியும் இல்லை. செயலியின் வேகம் சற்றேறக்குறைய 4.19 மெகாஏர்ட்சு.

அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் லின்க்ஸ் கருவியையும், 1990 இல் சேகா நிறுவனம் கேம் கியர் கருவியையும் வெளியிட்டன. இரண்டும் பின்னொளியுடன் கூடிய வண்ணத்திரை கொண்டவை. இருட்டிலும் விளையாடலாம். கடையில் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குக் கேம் பாய் மிகப் பழையதாகவே தோன்றியிருக்கும்.

கேம் பாய் நான்கு ஏஏ அளவு மின்கலங்களில் (தமிழகத்தில் பென்டார்ச்சு பேட்டரி எனப்படுவது) ஏறத்தாழ 15 மணிநேரமும் அதற்கு மேலும் இயங்கியது. கேம் கியர் ஆறு மின்கலங்களை எடுத்துக்கொண்டு 3 முதல் 5 மணிநேரமே இயங்கியது. லின்க்ஸும் ஆறு மின்கலங்களில் 4 அல்லது 5 மணிநேரமே தந்தது. மேற்கூறிய கணக்கை இங்கே இட்டுப் பார்க்கலாம். நல்ல கார மின்கலம் ஒன்றில் சுமார் 3 வாட்-மணி உள்ளது. கேம் பாயின் நான்கு மின்கலங்களில் 12 வாட்-மணி. அதன் தேவை சுமார் 0.7 வாட், ஆக 17 மணிநேரம். கேம் கியரில் 18 வாட்-மணி இருந்தும் அதன் தேவை சுமார் 3 வாட் என்பதால் 6 மணிநேரமே வருகின்றது. நடைமுறையில் அதுவும் கிடைப்பதில்லை. ஏனெனில் மின்கலத்திலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்போது அதன் அகத்தடையில் ஆற்றல் வெப்பமாக வீணாகின்றது. கேம் கியரின் ஆற்றலைத் தின்றது முதன்மையாகத் திரைக்குப் பின்னிருந்த சிறிய ஒளிர்குழல் விளக்கே.

இந்த வேறுபாட்டின் பொருளை ஒரு தொடர்வண்டிப் பயணத்தைக் கொண்டு உணரலாம். சென்னைக் கடற்கரை - செங்கல்பட்டு மின்தொடர் வண்டியில் கடற்கரையிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் ஆகும். நாள்தோறும் போக வர மூன்று மணிநேரம் விளையாடும் ஒருவருக்குக் கேம் பாயில் நான்கு மின்கலங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை வரும். கேம் கியரில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஆறு புதிய மின்கலங்கள் வேண்டும். அதுவும் இந்தியாவில் பெட்டிக்கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் துத்தநாக-கரி மின்கலங்கள். இவை கார மின்கலத்தின் கொள்ளளவில் பாதிக்கும் குறைவாகவே தருபவை, மிகுந்த மின்னோட்டத்தில் மேலும் தளர்ந்துவிடுபவை. தமிழகச் சிறுவர்கள் கைகளில் 1990களில் மிகுதியாகக் காணப்பட்டது கேம் பாயோ கேம் கியரோ அன்று. சென்னை பர்மா பசார் போன்ற இடங்களில் விற்ற, பெயரில்லா நிறுவனங்களின் பிரிக் கேம் கருவியே அது. பின்னொளியில்லாத எளிய திரையைக் கொண்டிருந்ததால் அது இரண்டு மின்கலங்களில் வாரக்கணக்கில் ஓடியது.

விற்பனை முடிவு தெளிவானது. கேம் பாய், அதன் வண்ணப் பதிப்பு இரண்டும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி. மின்கலம் மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூறிவிட முடியாது. குறைந்த விலையும், கருவியுடன் சேர்த்து விற்கப்பட்ட டெட்ரிஸ் ஆட்டமும் பெரும் பங்கு ஆற்றின. ஆயினும் விலை குறைவாக இருந்ததற்கும் மின்கலம் நீடித்ததற்கும் அந்த மங்கலான திரையே பொதுக் காரணம்.

யொகொய் நின்டெண்டோவை விட்டு விலகிய பின் வடிவமைப்பில் பங்கு கொண்ட வொண்டர்ஸ்வான் கருவியை, அவர் மறைந்த பின்னர் 1999 இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்டது. அது ஒரே ஒரு ஏஏ மின்கலத்தில் 30 மணிநேரத்துக்கும் மேல் இயங்கியது. இவ்வகையில் அதை விஞ்சியது அரிது.

இலித்தியம்-அயன் மின்கலம்

2003 இல் வெளிவந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி மீண்டும் மின்னேற்றத்தக்க இலித்தியம்-அயன் மின்கலத்தை உடன் கொண்டிருந்தது. 600 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே, அதாவது 2.2 வாட்-மணி. ஒரு கார மின்கலத்தில் உள்ளதைவிடவும் குறைவு. திரைவிளக்கை எரியவிட்டால் 10 மணிநேரமும் அணைத்துவிட்டால் 18 மணிநேரமும் இயங்கியது. முன்னதில் சராசரி நுகர்வு 0.22 வாட், பின்னதில் 0.12 வாட். கருவியின் மொத்த நுகர்வில் ஏறக்குறையப் பாதி விளக்குக்கே சென்றது என்பதை இந்த இரு எண்களே காட்டுகின்றன.

டிஎஸ், பிளேஸ்டேசன் போர்ட்டபிள்

2004 இன் இறுதியில் நின்டெண்டோ டிஎஸ்ஸும் சோனியின் பிளேஸ்டேசன் போர்ட்டபிளும் (பிஎஸ்பி) சில வார இடைவெளியில் வெளிவந்தன. பழைய போட்டியே வேறு பெயர்களில் மீண்டும் நடந்தது எனலாம்.

பிஎஸ்பியின் மின்கலம் 1800 மில்லி ஆம்பியர்-மணி. டிஎஸ்ஸின் மின்கலம் 850. எனினும் டிஎஸ் 10 மணிநேரம் வரை இயங்க, பிஎஸ்பி ஆட்டங்களில் 4 முதல் 6 மணிநேரமே இயங்கியது. பிஎஸ்பியின் பெரிய ஒளிமிக்க திரை ஒரு காரணம். ஆட்டங்கள் யுஎம்டி என்னும் சிறு ஒளிவட்டில் இருந்ததால் அதைச் சுழற்றும் மின்னோடி மற்றொரு காரணம். அதன் செயலி 333 மெகாஏர்ட்சு வேகத்தில் இயங்க வல்லது. ஆயினும் சோனி அதை ஆட்டங்களுக்கு 222 மெகாஏர்ட்சு அளவில் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2007 இல் மென்பொருள் இற்றைப்படுத்தல் ஒன்றின் மூலமே இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த மெலிந்த பிஎஸ்பியில் மின்கலம் 1200 ஆகக் குறைக்கப்பட்டபோதும் இயங்கும் நேரம் பெரிதும் குறையவில்லை. நினைவகத்தை இரட்டிப்பாக்கி, வட்டிலிருந்து முன்கூட்டியே தரவைப் படித்து வைத்ததால் மின்னோடி அடிக்கடி சுழல வேண்டிய தேவை குறைந்ததே இதற்கு ஒரு காரணம்.

டிஎஸ் லைட் கருவிக்கு (2006) நிறுவனம் தந்த எண்கள் கவனிக்கத்தக்கவை: மிகக் குறைந்த ஒளியில் 15 முதல் 19 மணிநேரம், மிகுந்த ஒளியில் 5 முதல் 8 மணிநேரம். ஒரே கருவி, ஒரே மின்கலம். விளம்பரங்களில் பெரிய எண்ணே முன்னிற்கும் என்பதால், எந்த ஒளி அளவில் எடுக்கப்பட்டது என்று கூறாத மின்கல ஆயுளை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள இயலாது.

என்-கேஜும் பிஎல்-5சி மின்கலமும்

நோக்கியா நிறுவனம் அக்டோபர் 7, 2003 அன்று வெளியிட்ட என்-கேஜ், கைப்பேசியையும் ஆட்டக் கருவியையும் ஒன்றாக்க முயன்றது. ஆட்ட அட்டையை மாற்ற வேண்டுமாயின் பின்மூடியைத் திறந்து மின்கலத்தையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது பெருங்குறையாகக் கூறப்பட்டது. விளையாடித் தீர்த்துவிட்டால் தொலைபேசி அழைப்புக்கும் மின்சாரம் இராது என்பது அதைவிடப் பெரிய குறை. ஒரே மின்கலத்தை இரு தேவைகள் பகிர்வதன் இச்சிக்கல் இன்றைய திறன்பேசிகளிலும் தொடர்கின்றது.

என்-கேஜில் இருந்தது பிஎல்-5சி எனப்படும் மின்கலம். இந்தியாவில் பேரளவில் விற்ற நோக்கியா 1100 போன்ற மலிவு விலைக் கைப்பேசிகளிலும் இதே வகையே பயன்பட்டது. ஒரேவண்ணத் திரையில் பாம்பு ஆட்டம் போன்ற எளிய ஆட்டங்களைக் கொண்ட அக்கைப்பேசிகள் அதே மின்கலத்தில் நாட்கணக்கில் இயங்கின. ஆகத்து 14, 2007 அன்று, திசம்பர் 2005 முதல் நவம்பர் 2006 வரை மாட்சுசிட்டா நிறுவனம் செய்த 4 கோடியே 60 இலட்சம் பிஎல்-5சி மின்கலங்கள் மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என நோக்கியா அறிவித்தது. உலக அளவில் ஏறத்தாழ 100 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. பெருங்காயம் எதுவும் பதிவாகவில்லை. மின்கலத்தின் பின்புறமுள்ள 26 எழுத்தெண் கொண்ட அடையாளத்தைச் சரிபார்த்து இலவசமாக மாற்றிக்கொள்ளும்படி கூறப்பட்டது. இந்தியாவில் இது பெரும் அச்சத்தை ஏற்படுத்தியது.

அக்காலத்தில் நோக்கியாவின் தொழிற்சாலை திருப்பெரும்புதூரில் இயங்கி வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை சென்று சேர்வது அவ்வூரிலேயே. 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய இத்தொழிற்சாலை, வரித் தகராறுகளுக்குப் பின் நவம்பர் 1, 2014 அன்று மூடப்பட்டது. பின்னர் அவ்வளாகத்தைக் கைப்பேசி மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது.

இதற்கிடையே 2012 ஆம் ஆண்டையொட்டிய தமிழக மின்வெட்டுக் காலத்தில், சென்னை மாநகருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரமும், மாநகருக்கு வெளியே அதைப்போல் பல மடங்கும் மின்சாரம் தடைப்பட்டது. இங்கு மின்கல ஆயுள் என்பது பயணத்தை மட்டும் பொறுத்த செய்தியாக இருக்கவில்லை.

அண்மைய கருவிகள்

நின்டெண்டோ சுவிட்ச் (2017) 4310 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 16 வாட்-மணி மின்கலம் கொண்டது. ஆட்டத்தைப் பொறுத்து 2.5 முதல் 6.5 மணிநேரம் இயங்கியது. 2019 இல் மின்கலத்தை மாற்றாமல் செயலியை நுண்ணிய தொழில்நுட்பத்தில் செய்து வெளியிட்டபோது இது 4.5 முதல் 9 மணிநேரமாக உயர்ந்தது. 2022 இல் வெளிவந்த ஸ்டீம் டெக் கணினி ஆட்டங்களை அப்படியே இயக்குவது. 40 வாட்-மணி மின்கலத்தை இரண்டு மணிநேரத்திலும் காலி செய்ய வல்லது. அதாவது 20 வாட். கேம் பாயைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு.

வெப்பமும் முதுமையும்

இலித்தியம்-அயன் மின்கலங்கள் பயன்படுத்தாவிட்டாலும் முதுமை அடைகின்றன. வெப்பமும் முழு மின்னேற்றமும் சேரும்போது இது விரைவாகும். பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் இவற்றை மின்னேற்றக் கூடாது. கத்திரி வெயிலில் செங்கல்பட்டுப் பகுதியில் வெளி வெப்பநிலையே 40 பாகையைத் தாண்டுவதுண்டு. பூட்டிய மகிழுந்தினுள் அது எளிதில் 50 ஐக் கடக்கும். நெடுநாள் எடுத்து வைக்கும் கருவியில் பாதியளவு மின்னேற்றம் இருப்பதே நல்லது.

பழைய பிஎஸ்பி கருவிகளில் மின்கலம் உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பதைக் காணலாம். உள்ளே வேதிச் சிதைவால் வளிமம் சேர்வதே இதற்குக் காரணம். அவ்வாறு உப்பிய மின்கலத்தை மின்னேற்றவோ, அழுத்தவோ, துளையிடவோ கூடாது, தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. இந்திய அரசின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இன்படி பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. பயனர் அவற்றைத் தனியே பிரித்து ஒப்படைக்க வேண்டும். ஏஏ மின்கலக் கருவிகளுக்கு இச்சிக்கல் வேறு வடிவில் வரும்: மின்கலங்களை உள்ளேயே விட்டு வைத்தால் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். அரிப்பைத் துடைத்துப் புதிய மின்கலங்களை இட்டால், 1989 இல் செய்யப்பட்ட கேம் பாய் பெரும்பாலும் இன்றும் இயங்கும்.