ஊமைப் படங்களின் கதைநூல்கள்

சினிமாக் கொட்டகையின் வாயிலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் நடிகர் பட்டியல். அடுத்துக் கதைச் சுருக்கம். சுருக்கம் சுவையான கட்டத்தை எட்டியதும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்றொரு வரி. ஊரை விட்டுப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களின் டிரங்குப் பெட்டிகளில், துணிமணிகளுக்கு அடியில், இவற்றுள் இரண்டொன்று இருந்ததுண்டு.

இப்பாட்டுப் புத்தகத்துக்குத் தூரத்து உறவான ஒரு நூல்வகையைப் பற்றி இன்று கூற விழைகிறோம். திரைப்படம் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னர், அமெரிக்காவில் ஒரு படம் வெளியாகும்போது அதன் கதையை முழு நாவலாக அச்சிட்டு, படக்காட்சிகளையும் இடையிடையே சேர்த்து விற்கும் வழக்கம் இருந்தது. அந்நூல்களை இன்று தேடித் தேடிச் சேர்ப்போர் உலகின் பல பகுதிகளிலும் உள்ளனர். பழைய பொருள்மேல் உள்ள மோகம் என்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வழக்கத்தின் தொடக்க காலத்து நூல்களுள் ஒன்று, விந்தையாக, நம் நாட்டைக் களமாகக் கொண்டது. 1913-ஆம் ஆண்டின் இறுதியில் சிக்காகோ நகரத்துச் செலிக் கம்பெனி 'கேத்லினின் சாகசங்கள்' என்ற தொடர் படத்தைப் பதின்மூன்று பகுதிகளாக வெளியிடத் தொடங்கிற்று. படத்தின் ஒவ்வொரு பகுதியும் திரையில் ஓடும்போதே அதன் கதை 'சிக்காகோ டிரிப்யூன்' நாளிதழிலும் வெளிவந்தது. படித்தவர் படம் பார்க்கச் சென்றனர். பார்த்தவர் பத்திரிகை வாங்கினர். ஹெரால்டு மக்ராத் என்னும் நாவலாசிரியர் எழுதிய அக்கதை, திரைக்காட்சிப் படங்களுடன் 1914-இல் நூலாயிற்று. 'அல்லாஹா' என்னும் கற்பனைச் சமஸ்தானத்துக்கு வந்து சேரும் அமெரிக்கப் பெண்ணொருத்தி அங்கு அரியணை ஏற்றப்படுவதும், சிங்கங்களிடமும் சூழ்ச்சிக்காரர்களிடமும் அகப்பட்டு மீள்வதுமே கதை. அதில் வரும் இந்தியாவைக் கண்டு நம்மவர் நகைக்கலாம், கோபங்கொள்ளவும் இடமுண்டு. எனினும், நூறாண்டுகளுக்கு முன் நம்மைப் பற்றி அந்நாட்டுப் பாமரர் மனத்தில் பதிந்திருந்த சித்திரம் யாதென அறிய இதைக் காட்டிலும் நேரான சான்று கிடைப்பது அரிது. அத்தொடர் படம் இன்று முழுமையாக இல்லை. நூல் இருக்கிறது.

1920-களில் இத்தொழில் பெருவளர்ச்சி கண்டது. நியூயார்க்கிலிருந்த கிராஸெட் அண்டு டன்லப், ஏ. எல். பர்ட் என்னும் இரு மறுபதிப்பு நிறுவனங்களே இதில் முன்னின்றன. புதிய நாவல் இரண்டு டாலர் விற்ற காலத்தில், இவர்களுடைய பதிப்பு முக்கால் டாலருக்குக் கிடைத்தது. இவற்றில் இரு வகை உண்டு. முன்பே புகழ்பெற்ற நாவல் படமானபோது, அதே நாவலைத் திரைக்காட்சிகளுடன் மீண்டும் அச்சிட்டது ஒரு வகை. லான் சேனி நடித்த 'ஓபராவின் பூதம்' 1925-இல் வெளியானபோது காஸ்டன் லரூவின் பழைய நாவல் இவ்வாறே புத்துருப் பெற்றது. திரைக்கென்றே எழுதப்பட்ட கதையைப் பின்னர் ஒருவரைக் கொண்டு நாவலாக்கியது மற்றொரு வகை. இலக்கியத் தரம் முந்தியதற்கே மிகுதி. ஆனால் சேகரிப்போர் பிந்தியதையே பெரிதும் நாடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு.

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள ஊமைப் படங்கள் 10,919 என்றும், அவற்றுள் முதலில் வெளியான உருவிலேயே முழுமையாக எஞ்சியவை 1,575 என்றும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அஃதாவது நூற்றுக்குப் பதினான்கு. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது, எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிடினும் நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும். பேசும் படம் வந்தபின் பழைய சுருள்களால் இனி வருவாய் இல்லை எனக் கருதி, அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தவர்களும் உண்டு.

டாட் பிரௌனிங் இயக்கி, லான் சேனி இரு வேடங்களில் நடித்த 'நள்ளிரவுக்குப் பின் லண்டன்' 1927-இல் வெளிவந்தது. உயரமான தொப்பியும் கூரிய பற்களுமாக அவர் தோன்றும் படங்களை நேயர்களுள் சிலர் கண்டிருக்கக்கூடும். அப்படத்தின் கடைசிப் பிரதி என அறியப்பட்டது, 1965-இல் எம்.ஜி.எம். கம்பெனியின் கிடங்கில் நேர்ந்த தீவிபத்தில் எரிந்துபோயிற்று. இன்று அதனைத் திரையில் காண்பவர் ஒருவரும் இலர். மேரி கூலிட்ஜ்-ராஸ்க் என்பவர் எழுதி 1928-இல் கிராஸெட் நிறுவனம் வெளியிட்ட நாவலும், சிதறிக் கிடந்த நிழற்படங்களும், எழுத்துப் பிரதிகளுமே எஞ்சின. 2002-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையமொன்று அந்நிழற்படங்களை வரிசைப்படுத்திக் கதையை ஒருவாறு காட்டிற்று. முக்கால் டாலர் நூலொன்று இன்று பெருவிலை பெறுவது இதனால்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நாவலைப் படித்துவிட்டுப் படத்தையே பார்த்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. நாவலாசிரியரின் கையில் இருந்தது பெரும்பாலும் திரைக்கதையே; வெட்டித் தொகுத்து முடித்த படம் அன்று. நூலிலுள்ள படங்களும் சுருளிலிருந்து எடுத்தவை அல்ல. படப்பிடிப்பின்போது தனிக் காமிராவில் எடுத்தவை. ஆகவே நூல் ஒரு சாட்சி. நேரில் கண்ட சாட்சி என்று சொல்ல முடியாது.

சில வேளைகளில் அந்தச் சாட்சி படத்தைவிடக் கூடுதலாகவும் கூறும். ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபொலிஸ்' 1927-இல் வெளியானபின், அமெரிக்காவுக்கென அதனைக் குறைத்தவர்கள், ஹெல் என்னும் பெண்ணைப் பற்றிய பகுதியையே நீக்கினர். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்போல் ஒலித்ததாம்! நகரத் தலைவனும் விஞ்ஞானியும் பகைத்துக்கொள்வதற்கு அவள்தான் காரணம். படம் பார்த்தவர்க்கு விளங்காத அப்பகை, லாங்கின் மனைவி தேயா ஃபான் ஹார்போ எழுதிய நாவலைப் படித்தவர்க்கு விளங்கியது. வெட்டுண்ட காட்சிகளுள் பெரும்பகுதி போனஸ் அயர்ஸ் நகரில் 2008-இல்தான் கிடைத்தது.

சேகரிக்க விரும்புவோர் அறியவேண்டியவை சில. இந்நூல்களின் உட்பக்கத்திலுள்ள ஆண்டு, நாவல் முதன்முதல் வெளிவந்த ஆண்டாகவே பெரும்பாலும் இருக்கும், இப்பதிப்பின் ஆண்டன்று. காட்சிப் படங்கள் வழவழப்பான தனித்தாளில் அச்சாகி இடையில் சேர்க்கப்பட்டவை. ஒன்றிரண்டு உதிர்ந்துபோயிருக்கலாம், எண்ணிப் பார்த்து வாங்கவேண்டும். வண்ண மேலுறையோ நூலினும் அருமையானது. உறையில்லாத பிரதி மலிவாகவும் கிட்டலாம். உறையுள்ளதன் விலை பன்மடங்கு ஏறும். ஆதலால் இந்நாளில் அச்செடுத்த போலி உறைகளும் உலவுகின்றன. கதையை மட்டும் படிக்க விழைவோர் பணம் செலவிட வேண்டுவதே இல்லை. 'கேத்லின்' போன்ற பல நூல்கள் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கல்கத்தா கல்லூரித் தெருவிலும் பம்பாய் பிளோரா பௌண்டன் நடைபாதையிலும் பழைய ஆங்கில நாவல்களைப் புரட்டுவோர், தலைப்புப் பக்கத்தில் திரைக்காட்சிகளுடன் கூடியது என்னும் பொருள்படும் குறிப்பு உள்ளதா என ஒருமுறை பார்ப்பது நல்லது. கிடைத்தால், கிழிந்த உறையை ஒட்டுநாடாவால் ஒட்டவே கூடாது. நாம் ஒருகால் அவ்வாறு ஒட்டி, சில ஆண்டுகளில் நாடா பழுத்து உறையில் நீங்காக் கறை படிந்ததைக் கண்டு வருந்தியதுண்டு. மழைக்காலம் கழிந்ததும் அலமாரியைத் திறந்து காற்றாட விடுதல் வேண்டும். இல்லையேல் இராமபாணப் பூச்சி நமக்கு முன்பே படித்து முடித்துவிடும்.

நம் நாட்டின் நிலை யாது? இங்கு எடுக்கப்பட்ட ஊமைப் படங்கள் 1,300-க்கும் மேற்பட்டவை. எஞ்சியவை, துண்டுகளையும் சேர்த்து, மிகச் சிலவே. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' அழிந்துவிட்டது. அதைக் கதையாகச் சொல்லும் திரைநாவலும் நமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் புத்தகக் கடை ஒன்று படத்தைக் காத்த கதை நம்மிடம் உண்டு. சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மலையாள நாவலை நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் படமாகத் தயாரித்து, 1933-இல் திருவனந்தபுரத்தில் திரையிட்டார். நாவலின் உரிமை அவ்வூர்க் கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தனர்; படம் நிறுத்தப்பட்டது; சுருள் பதிப்பகத்தார் வசமாயிற்று. தயாரிப்பாளருக்கு அது பெருநஷ்டம். எனினும் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து அழியவேண்டிய சுருள், புத்தகக் கட்டுகளிடையே நாற்பதாண்டுகள் கிடந்து, 1974-இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்தது. இன்றும் அங்கே இருக்கிறது.