மண்ணுக்குள் வாழும் பவளப் பாம்பு

பாம்பு என்றதும் படமெடுக்கும் நாகமே நம் நினைவுக்கு வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு நச்சுப் பாம்பு ஒன்று தமிழகத்தில் வாழ்வதைப் பலர் அறியார். அதுவே பவளப் பாம்பு.

மேற்கே கல்வராயன் மலையும் சுற்றிலும் வயல்களுமாக விளங்கும் எலவனாசூர்கோட்டைப் பகுதியினர் இதைப் பற்றி அறிந்திருத்தல் நலம். பென்சிலினும் மெலிந்த இப்பாம்பு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் வரையே வளரும். தலையும் கழுத்தும் கறுப்பு, முதுகு இளம்பழுப்பு, வாலில் இரு கரிய வளையங்கள், வயிறோ பவளச் சிவப்பு. பகலில் கற்களுக்கடியிலும் சருகுகளுக்குள்ளும் மறைந்திருந்து, இரவில் வெளிவந்து புழுப்பாம்புகளைத் தின்னும். யாரேனும் சீண்டினால் வாலைச் சுருட்டி உயர்த்தி, அதன் நீலம் கலந்த அடிப்புறத்தைக் காட்டி எச்சரிக்கும். வாய் மிகச் சிறியதாகையால் மனிதரைக் கடிப்பது அரிது. கடித்த இடத்தில் வீக்கமும் அரிப்பும் தோன்றியதாகவே அறியப்படுகிறது. அமெரிக்கக் கண்டங்களின் பவளப் பாம்புகளோ உயிருக்கே ஆபத்தானவை.

அப்படியானால் அஞ்ச வேண்டியது என்ன? "சிறிய பாம்புதானே!" என்னும் நம் அலட்சியத்துக்கே அஞ்ச வேண்டும். இரவில் நடமாடும் கட்டுவிரியனின் குட்டியும் சிறியதுதான். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. சில மணி நேரத்துக்குப் பின்னரே கண்ணிமைகள் சோரும், விழுங்குவது கடினமாகும், மூச்சுத் திணறும். ஆகவே, எந்தப் பாம்பு கடித்தது என்று வீட்டிலேயே தீர்ப்புக் கூறுதல் தவறு.

1978-ல் தொடங்கப்பெற்ற, வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, மருந்து தயாரிக்க அளித்து வருகிறது. நம் நாட்டு நச்சுமுறி மருந்து இந்நான்கின் நஞ்சுக்கே உரியது. பவளப் பாம்பு இதில் சேராது. அறிகுறிகளைக் கண்டே மருத்துவர் சிகிச்சை அளிப்பார். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

பெற்றோரே, கடியுண்டவரை அசையாது வைத்திருங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் வேண்டா. மந்திரிப்பதில் பொழுதைக் கழிக்காமல், நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கல்லைப் புரட்டும்போது கையை நீட்டாதீர்கள், கோலால் புரட்டுங்கள். இரவில் விளக்கின்றி நடவாதீர்கள். மண்ணில் நெளியும் வண்ணப் புழு என்றெண்ணிப் பாம்பைக் கையில் எடுக்கலாகாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பவளப் பாம்பைக் கண்டால் அதன் வழியே விட்டுவிடுங்கள். நம்மை நாடி வரும் பிராணி அன்று அது.